நாவல்பழப் பைக்கு எந்தத் தட்டு? அடி நமுக்காத அலுமினியத்துக்கே முதலிடம்

பை (pie) என்பது மாவு ஓட்டுக்குள் பழப் பூரணம் வைத்து ஓவனில் சுடும் பண்டம். சுட்ட பையில் முதல் துண்டை வெட்டி, தோசைத் திருப்பியைக் கீழே விட்டுத் தூக்கும்போதே அது தேறியதா இல்லையா என்று தெரிந்துவிடும். நன்றாக வெந்த பை தட்டை விட்டுச் சட்டென்று விலகி வரும். அடியை நகத்தால் தட்டினால் தட்டை முறுக்கைத் தட்டிய மாதிரி சத்தம் கேட்கும். வேகாத பையில் மேல் ஓடு பொன்னிறமாக அழகு காட்டும். அடி மாவோ வெளுத்து, ஊதாச் சாற்றில் ஊறி, ஆறிப்போன கொழுக்கட்டை மேல்மாவு போலத் தட்டோடு ஒட்டிக் கிடக்கும். வீட்டில் செய்யும் பத்துப் பையில் ஏழெட்டு கெடுவது இந்த அடியில்தான். பழத்தையும் சர்க்கரையையும் குறை சொல்வதற்கு முன் தட்டைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒப்பிட்டவை நான்கு தட்டுகள். எல்லாமே 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. வாய் கொண்டவை. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பாத்திரக் கடைகளில் தேடி எடுக்கக்கூடிய சாதா அலுமினியத் தட்டு ஒன்று. கறுப்பாக இருக்கும் ஹார்ட் அனோடைஸ்டு அலுமினியத் தட்டு ஒன்று. போரோசிலிகேட் கண்ணாடித் தட்டு ஒன்று. கரை நெளிநெளியாக உள்ள பீங்கான் தட்டு ஒன்று. ஓவன் 28 லிட்டர், 1500 வாட் ஓடிஜி (OTG), அதாவது மேலும் கீழும் கம்பி சூடாகும் சின்ன மின் ஓவன். நான்கிலும் ஒரே மாவு, ஒரே பூரணம்: நாட்டு நாவலும் களாப்பழமும்.

காவிரி டெல்டாவில் தட்டுத் தேர்வு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் காரணம் வெயில். வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘அறை வெப்பநிலை’ என்று வந்தால் 20, 21 டிகிரி என்று கொள்ள வேண்டும். நாவல் உதிரும் ஆனி மாதத்தில் மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ சமையலறை காலை பத்து மணிக்கே 33, 34 டிகிரிக்கு வந்துவிடும். வெண்ணெய் உருகி எண்ணெயாகிற சூடு அது. பை ஓடு பொரபொரவென்று அடுக்கடுக்காக எழும்ப வேண்டுமானால், மாவுக்குள் இருக்கும் வெண்ணெய்த் துணுக்குகள் ஓவனுக்குள் போகும்வரை கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே போன பிறகு வெண்ணெய் உருகும். அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்கும். முன்னாடியே உருகிவிட்டால் மாவு அந்த எண்ணெயைக் குடித்துவிடும். தூக்க ஆவி இருக்காது, ஓடு அட்டை மாதிரி இறுகும்.

ஆகவே இந்த ஊரில் ஒரே வழிதான் உண்டு. மாவைத் தட்டில் விரித்து, பூரணம் நிரப்பி, மேல் ஓடு மூடியதும், தட்டோடு 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்த கையோடு 220 டிகிரி ஓவனில் வைக்க வேண்டும். பனிக்கட்டிச் சூட்டிலிருந்து 220 டிகிரிக்கு ஒரே தாவல். தட்டு அதைத் தாங்க வேண்டும். நான்கையும் தரம் பிரிப்பது இந்த ஒரு கேள்விதான்.

கண்ணாடித் தட்டு இதில் தோற்றுவிடுகிறது. போரோசிலிகேட் கண்ணாடி சாதாக் கண்ணாடியைவிட வெப்ப மாற்றத்தை நன்றாகவே தாங்கும். ஆனாலும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனுக்குள், அதுவும் காய்ந்த இரும்புத் தட்டின் மேல் வைப்பது ஆபத்து. விரிசல் விடலாம், ஓவனுக்குள்ளேயே வெடிக்கவும் செய்யலாம். குளிர் விட்டுப் போகட்டும் என்று வெளியே கால் மணி நேரம் வைத்தால், கரையில் ஏற்றிய மாவு இளகிச் சரிந்து உள்ளே இறங்கிவிடும். கண்ணாடிக்கு இன்னொரு குறை, சூடு ஏறுவது மெல்ல. அலுமினியம் கண்ணாடியைப் போல ஏறக்குறைய 200 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். கண்ணாடி சூடாகி அடி மாவு இறுகுவதற்குள், மேலிருந்து பழச்சாறு இறங்கி அதை நனைத்துவிடுகிறது. அதற்காகக் கண்ணாடியை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். அடி சிவந்ததா என்று தட்டைத் தூக்கிப் பார்க்க முடிவது அதில் மட்டும்தான். மார்கழி, தை மாதத்தில் ஃப்ரீசர் தேவைப்படாத நாட்களில், முதன்முதலாகப் பை செய்பவர்களுக்கு அது நல்ல வாத்தியார்.

பீங்கான் தட்டு பரிமாற அழகு, சூடும் நெடுநேரம் நிற்கும். சுட உதவாது. கனம் அதிகம் என்பதால் அடி வேக 15 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. சின்ன ஓடிஜியில் மேல் கம்பி கிட்டத்திலேயே இருப்பதால் அதற்குள் மேல் ஓடு கருகத் தொடங்குகிறது.

சாதா அலுமினியம் ஃப்ரீசரிலிருந்து ஓவனுக்கு எந்தப் பயமும் இல்லாமல் போகிறது. வைத்த சில நிமிடங்களில் தட்டு முழுக்க ஒரே சூடு. அடி மாவு சாறு இறங்குவதற்கு முன்பே இறுகிவிடுகிறது, நடுவிலும் கரையிலும் ஒரே பொன்னிறம். குறைகளும் உண்டு. புதுத் தட்டு பளபளவென்று இருப்பதால் வெப்பத்தை ஓரளவு திருப்பி அடிக்கும். முதல் இரண்டு, மூன்று முறை ஐந்து நிமிடம் கூட வைக்க வேண்டும். புழங்கப் புழங்க மங்கலாகி, நன்றாகச் சிவக்க வைக்கும். இரண்டாவது குறைதான் பெரியது: புளிப்பும் அலுமினியமும் ஒத்துப்போகாது. களாவின் புளிப்புச் சாறு கரை தாண்டி வழிந்து உலோகத்தில் பட்டு ராத்திரி முழுக்கக் கிடந்தால், தட்டில் திட்டு விழும், சாற்றில் உலோக வாடை ஏறும், சிவப்பு நீலம் பாரித்துப் போகும். ஆறியதும் பையை வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். கத்தியைத் தட்டுக்குள் போட்டு அழுத்தி வெட்டுவதும் கூடாது.

ஹார்ட் அனோடைஸ்டு தட்டு இந்த இரண்டு குறையையும் தீர்க்கிறது. மேலே கெட்டியான ஆக்சைடு படலம் இருப்பதால் புளிப்பு தாக்காது; நிறம் கறுப்பு என்பதால் முதல் நாளே நன்றாகச் சிவக்கும். சொல்லப்போனால் கொஞ்சம் வேகமாகவே சிவக்கும், முதல் 20 நிமிடக் கடும் சூட்டுக்குப் பிறகு வைக்கும் 190 டிகிரிக்குப் பதில் 180 போதும். பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும், விலையும் சாதாத் தட்டைவிட அதிகம். வருஷத்தில் நாலைந்து தடவைக்கு மேல் பை செய்கிற வீடு இதை வாங்கலாம். நாவல் சீசனில் மட்டும் செய்பவர்களுக்குச் சாதா அலுமினியமே போதும் என்பது எங்கள் தீர்ப்பு.

வீட்டிலேயே இருக்கிறதே என்று பலர் எடுக்கும் இரண்டு தட்டுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எவர்சில்வர் தட்டு வெப்பத்தை மோசமாகக் கடத்தும். தீ படும் இடம் கருகும், பக்கத்திலேயே வெளுத்திருக்கும். பித்தளைத் தாம்பாளத்தில் புளிப்புப் பழம் வைக்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் தெரியும். ஈயம் பூசியிருக்கிறதே, பூசியதில் வைத்தால் என்ன என்றுதான் கேட்பார்கள். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரசம் கொதிக்கும்போது 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் அடுப்பில் பிரச்சினை இல்லை. ஓவனை 220-ல் வைத்தால், ஓடிஜியின் முள் 20 டிகிரி முன்னே பின்னே காட்டுவது சகஜம் என்பதால், பூச்சு இளகி ஓடிவிடலாம். ஈயச்சொம்பும் ஈயம் பூசிய தாம்பாளமும் ஓவன் பக்கமே வர வேண்டாம்.

கடையில் ‘பை தட்டு’ என்று கேட்டால் துணிப்பைக் கடைக்கு வழி காட்டுவார்கள். “அண்ணே, கரை வெளிப்பக்கம் சரிஞ்ச அலுமினியத் தட்டு வேணும், விளிம்பு பட்டையா இருக்கணும், கம்பி மடிச்சது வேணாம்” என்று கேளுங்கள். விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குத் தட்டையாக இருந்தால்தான் மேல் மாவையும் கீழ் மாவையும் சேர்த்துச் சோமாசிக்கு மடிப்பது போல அழுத்தி மடிக்க முடியும். கம்பி மடித்த உருண்டை விளிம்பில் மாவு பிடித்து நிற்காமல் வழுக்கும். ஆழம் ஒன்றரை அங்குலம். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் தளும்பாமல் நிற்க வேண்டும். கனத்துக்குத் தராசில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. ஒரு மில்லிமீட்டர் தகட்டில் செய்த 9 அங்குலத் தட்டு ஏறக்குறைய 150 கிராம் இருக்கும். 100 கிராமுக்குக் கீழே போனால் சூட்டில் வளையும். விசேஷத்துக்கு வாங்கும் ஃபாயில் தட்டு இன்னும் மோசம். தூக்கும்போதே பை நடுவில் பிளக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் ஓவனின் உள் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 16, 18 லிட்டர் ஓவனில் 9 அங்குலத் தட்டு சுவரை இடிக்கும், காற்று சுற்ற இடம் இருக்காது. அதற்கு 7 அங்குலம் போதும், கீழே சொல்லும் அளவு எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளலாம்.

இனிப் பழம். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள். அதை ஒட்டிய வாரங்களில்தான் குடமுருட்டி, வெண்ணாறு, அரசலாற்றுக் கரைகளில் நாவல் பழுத்து உதிரும். பைக்கு ஒட்டு நாவலைவிட நாட்டு நாவல் மேல். சின்னதாக இருந்தாலும் சாயமும் துவர்ப்பும் அதில்தான் முழுமையாக இருக்கும். கொட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் 500 கிராம் சதைக்கு 750, 800 கிராம் பழம் வாங்க வேண்டும். காம்பருகில் சிவப்பு தெரிகிற பழம் காய். துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். மண்ணில் விழுந்து தோல் வெடித்த பழம் ஒரே நாளில் புளித்து வாடை வந்துவிடும். முழுக்கக் கறுத்து, தோல் இறுக்கமாக இருக்கிறதை மட்டும் எடுத்து, உப்பு நீரில் பத்து நிமிடம் போட்டு அலசுங்கள்.

நாவல் மட்டும் வைத்தால் பை தேறாது. நாவலில் துவர்ப்பு இருக்கும் அளவுக்குப் புளிப்பு இல்லை. சாறு மங்கிய ஊதாவாக நிற்கும், ருசியும் ஒரே தட்டாக இருக்கும். அதைத் தூக்கி நிறுத்துவது களாப்பழம். 500 கிராம் நாவல் சதைக்கு 200 கிராம் களா சேர்த்தால் புளிப்பு ஏறி, நாவலின் சாயம் ஊதாவிலிருந்து செந்நிறத்துக்குத் திரும்பும். அந்தச் சாயம் புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரப் பொருளில் நீலமும் பச்சையுமாகும். இதனால்தான் மாவிலோ பூரணத்திலோ ஆப்பச் சோடா ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. பட்ட இடமெல்லாம் சாம்பல் பூத்த பச்சையாகிவிடும். களாவில் சாற்றை உறைய வைக்கும் பெக்டின் அதிகம். ஜெல்லி தானாகவே உறையும் பழம் அது, பையில் சாறு நிற்கவும் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

களாவை நறுக்கும்போது பால் வரும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும் ஊறுகாய்ப் பருவக் களாவை இரண்டாக வகுந்தால், வெட்டுவாயில் வெள்ளைப் பால் மணி மணியாகத் துளிர்க்கும். கத்தி முனையைத் தூக்கினால் நூல் நூலாக இழுபடும். அரை நிமிடத்தில் காற்றுப் பட்டுப் பிசினாகி விரலோடு விரல் ஒட்டும். பைக்கு அந்தப் பருவம் ஆகாது. கறுத்துக் கனிந்த களாவில் பால் குறைந்திருக்கும். கத்திக்கும் விரலுக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, வகுந்து, தட்டையான விதைகளைக் கத்தி முனையால் வழித்து, துண்டுகளை உப்பு நீரில் போடுங்கள். கால் மணி நேரத்தில் மிச்சப் பால் வெளியேறிவிடும்.

காட்டுப் பழம் என்பதால் ஓர் எச்சரிக்கை. களா அரளிக் குடும்பத்துச் செடி. அதே குடும்பத்தில் மஞ்சள் அரளி இருக்கிறது, அதன் காய் உயிரை எடுக்கும் விஷம். வேலியோரம் கொத்துக் கொத்தாகக் கறுத்திருக்கும் உன்னிப் பழத்தையும் ‘காட்டு பெர்ரி’ என்று நினைத்துப் பறித்துவிடக் கூடாது. அதன் காய் நஞ்சு. மரத்தையும் செடியையும் சின்ன வயதிலிருந்து அறிந்தவர்கள் பறித்து விற்பதை வாங்குங்கள். கோடியக்கரைக் காட்டில் பாலை, நாவல், களா எல்லாம் நிற்கின்றன என்றாலும் அது 1967-லிருந்து வனவிலங்கு சரணாலயம். அங்கே பறிக்கக் கூடாது. அந்தப் பழம் குரங்குக்கும் பறவைக்கும் உரியது.

மாவுக்கு அளவு: மைதா 255 கிராம், பச்சரிசி மாவு 45 கிராம், வெண்ணெய் 200 கிராம், ஐஸ் தண்ணீர் 75 முதல் 90 மில்லி, சர்க்கரை 10 கிராம். அரிசி மாவு கலப்பது இந்த ஊர் ஈரக்காற்றுக்காக. அரிசியில் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் இல்லாததால் ஓடு ஜவ்வு போல இழுக்காது, மொறுமொறுப்பும் கூடுதல் நேரம் நிற்கும். 45 கிராமுக்கு மேல் போனால் விரிக்கும்போது விண்டுவிடும். கடையில் வாங்கும் மஞ்சள் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது. அதை எடுத்தால் தனியாக உப்பு வேண்டாம். வீட்டு வெண்ணெய் என்றால் மோர் வடிய நன்றாகக் கழுவி, பிழிந்து, ஃப்ரிட்ஜில் இறுக வைத்த பிறகே நிறுக்க வேண்டும், 5 கிராம் உப்பும் சேர்க்க வேண்டும். நெய்யில் செய்யலாமா என்பார்கள். நெய்யில் தண்ணீர் இல்லை, ஆவி எழாது. ஏடு வராமல் நெய் பிஸ்கட் மாதிரி உதிரும். ருசி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் துண்டு நிற்காது.

வேலையை விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். மாவையும் கிண்ணத்தையும் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் நசுக்குங்கள். உள்ளங்கை சூடு, அது படக் கூடாது. பாதி வெண்ணெய் பட்டாணி அளவிலும் மீதி ரவை போலவும் இருக்கும்போது நிறுத்தி, ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கலக்குங்கள். பதம் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும். சப்பாத்தி மாவு போல ஒருபோதும் பிசையக் கூடாது. பிசைந்தால் மைதா இழுவை பிடித்து, ஓவனில் கரை சுருங்கி உள்ளே விழும். இரண்டு வட்டமாக அமுக்கி, அடிக்கு 320 கிராம், மேலுக்கு மீதி என்று பிரித்து, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பூரணத்தில் கவனிக்க வேண்டியது சாறு. 700 கிராம் பழத்தோடு 170 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து முக்கால் மணி நேரம் ஊற விட்டால், ஒரு டம்ளர் அளவுக்குச் சாறு பிரிந்து நிற்கும். அதை வடித்து, அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். பழத்துக்குள் இருந்தபடியே விட்டால் இந்தத் தண்ணீர் முழுக்க ஓவனில் அடி மாவுக்குத்தான் இறங்கும். சுண்டிய பாகு முழுக்க ஆறிய பிறகு பழத்தோடு சேர்த்து, 40 கிராம் ஜவ்வரிசி மாவு கலக்குங்கள். ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்துத்தான் போட வேண்டும். குருணை இருந்தால் வேகாமல் வெள்ளை வெள்ளையாகப் பல்லில் படும். கார்ன்ஃப்ளாரும் போடலாம், ஆனால் சாறு கலங்கலாக நிற்கும், களாவின் புளிப்பில் நெடுநேரம் கொதித்தால் இளகியும் போகும். ஜவ்வரிசிதான் கண்ணாடி மாதிரி தெளிவு தரும். வெல்லம் போட்டால் மணம் உண்டு, சாயம் கறுத்துவிடும். நாவலின் நிறத்துக்காகச் செய்கிற பையில் சர்க்கரையே நல்லது. எதைச் செய்தாலும் பூரணம் சூடாக இருக்கையில் மாவில் கொட்டாதீர்கள். கொட்டிய நிமிடமே அடியிலிருக்கும் வெண்ணெய் உருகிவிடும், அதற்குப் பிறகு எந்தத் தட்டும் காப்பாற்றாது.

மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு, சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிப்பாக, 32 செ.மீ. வட்டமாக விரியுங்கள். தட்டில் இடும்போது இழுத்து நீட்டக் கூடாது, தூக்கித் தூக்கி மூலைக்குள் இறக்க வேண்டும். பூரணம் நிரப்பி, மேல் வட்டத்தை மூடி, விளிம்பை மடித்து, நடுவில் ஐந்தாறு கீறல் போட்டு, 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். ஓவனோடு வரும் கறுப்புத் தட்டைக் கீழ் அடுக்கில் வைத்து, இரண்டு கம்பியும் எரியும்படி 220 டிகிரியில் 20 நிமிடம் காய விடுங்கள். பையை அந்தக் காய்ந்த தட்டின் மேலேயே வைக்க வேண்டும், அடிக்கு உடனே சூடு கிடைக்கும். 220-ல் 20 நிமிடம், பிறகு 190-ல் 35 முதல் 40 நிமிடம். விளிம்பு முந்திச் சிவந்தால் அங்கே மட்டும் ஃபாயிலைச் சுற்றிவிடுங்கள்.

நிமிடக் கணக்கை நம்பி எடுக்காதீர்கள், கீறலில் கொதிக்கும் சாற்றைப் பாருங்கள். முதலில் குமிழி சின்னச் சின்னதாக, தண்ணீர் கொதிப்பது போலப் படபடவென்று வெடிக்கும். ஸ்டார்ச் வெந்ததும் குமிழி பெரிதாகி, பாகு கொதிப்பது போல மெதுவாக எழும்பி, கனமாக உடையும். நடுக் கீறலிலும் அப்படி ஐந்து நிமிடம் கொதித்த பிறகுதான் எடுக்க வேண்டும். சிவந்துவிட்டதே என்று அதற்கு முன்னால் எடுத்தால் துண்டு போடும்போது சாறு ஓடையாக ஓடும்.

இந்தப் பகுதியில் ஓவனுக்கு ஒரு தனித் தொல்லை, வோல்டேஜ். கம்பியின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். வயலில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வீட்டில் 230 வோல்ட் 190-க்கு இறங்கினால், 1500 வாட் ஓவன் ஏறக்குறைய 1020 வாட்தான் தரும். முள் 220-ல் நிற்கும், உள்ளே அந்தச் சூடு வந்திருக்காது. முதல் 20 நிமிடம் கடும் சூடு கிடைக்காத பை, எந்தத் தட்டில் வைத்தாலும் அடி நமுக்கும். உள்ளே தொங்கவிடும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 220 வந்ததா என்று அதைப் பார்த்தே பையை வைக்க வேண்டும். பிளக் 16 ஆம்ப் பாயின்ட்டில் போடுங்கள். 1500 வாட் ஆறரை ஆம்பியர் இழுக்கும், சாதா 6 ஆம்ப் பாயின்ட் கருகிவிடும்.

எடுத்த பையைப் பிரிமனை மேல் வைக்கிற பழக்கம் வேண்டாம். அடியில் ஆவி அடைபட்டு, அவ்வளவு பாடுபட்டு வேக வைத்த ஓடு அரை மணி நேரத்தில் நமுத்துவிடும். கால் வைத்த கம்பி ஸ்டாண்டில், காற்று கீழே ஓடும்படி நான்கு மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டோடு வெட்டினால் ஜவ்வரிசி இறுகியிருக்காது. ஆறியதும் முதல் துண்டை மட்டும் எடுத்தால், அந்த இடைவெளியில் சுற்றிக் கரையைக் கிளப்பி, மீதியை எவர்சில்வர் தட்டுக்கோ பீங்கானுக்கோ முழுசாக மாற்றிவிடலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு அன்று மாலையே மேல் ஓடு இளகும்; 160 டிகிரியில் பத்து நிமிடம் காட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகும். டப்பாவில் மூடி வைக்காதீர்கள். மறுநாளைக்கு என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும் முன் அதே 160 டிகிரியில் கால் மணி நேரம்.

தட்டைக் கழுவச் சோப்பு நீரில் பத்து நிமிடம் ஊற வைத்துத் துணியால் துடைத்தாலே ஊதாக் கறை போய்விடும். சாம்பலும் சலவைச் சோடாவும் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கவும் வேண்டாம். மங்கிய தட்டுதான் அடுத்த பையை நன்றாகச் சிவக்க வைக்கும்.